தாயகம் திரும்பியோர்: ஒரு சொல்லும் சில மலைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி, உதவித்தொகைக்கான படிவத்தோடு துறைக்கு வந்தாள். எல்லாக் கட்டங்களையும் அழகிய கையெழுத்தில் நிரப்பியிருந்தவள் ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். 'பூர்வீக ஊர்' என்பது அந்தக் கட்டம். "இதில் என்ன எழுதுவது ஐயா?" என்றாள். பிறந்த ஊரை எழுதிவிடேன் அம்மா என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். கோத்தகிரி என்று எழுதிக் கொடுத்தாள். பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. சாதிச் சான்றிதழில் சிக்கலாம். பூர்வீக ஊருக்குப் போய், அங்கே விசாரித்து, அங்கிருந்து சான்று வாங்கிவர வேண்டுமாம். அவளும் அவள் தாயும் கோத்தகிரிப் பக்கம் பிறந்தவர்கள். பாட்டி பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பாட்டியின் பாட்டனார் திருச்சிச் சீமையில் ஏதோ ஓர் ஊரிலிருந்து கடல் கடந்து போனவர். அந்த ஊரின் பெயர் குடும்பத்தில் வாய்வழியாக வந்து, தேய்ந்து, இப்போது எந்த வரைபடத்திலும் அகப்படாத ஓர் ஒலியாக எஞ்சியிருக்கிறது.

ஊர் பற்றிய புகழ்பெற்ற புறநானூற்றுப் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்கள் நாம். ஒரு படிவத்தின் கட்டம் நம்மை வாயடைக்கச் செய்துவிட்டது.

அரசு ஏடுகளில் அந்தப் பாட்டிக்கு ஒரு பெயர் உண்டு. 'தாயகம் திரும்பியோர்.' கேட்பதற்கு இனிய தொடர். நெடுநாள் பிரிந்த மகள் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்பது போன்ற ஒரு சித்திரம் அதில் இருக்கிறது. ஆனால் பாட்டியோ தம் பத்தொன்பதாம் வயதில், 1971இல், இராமேசுவரத்தில் கப்பலிலிருந்து இறங்கியபோதுதான் இந்த மண்ணை முதன்முதலாகக் கண்டவர். ஒருபோதும் புறப்பட்டுப் போகாத இடத்துக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? இது இலக்கணக் குறும்பு போலத் தோன்றலாம். சற்று உள்ளே போனால், ஏறத்தாழ நான்கரை லட்சம் மனிதர்களின் மறுவாழ்வுக் கொள்கை முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லின் மேல் நிறுத்தப்பட்டிருந்தது என்பது விளங்கும்.

கதையை மண்டபத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். பாம்பன் பாலத்துக்கு இப்பால், நிலம் ஒடுங்கிக் கடலுக்குள் நீளும் இடத்தில் 'மண்டபம் முகாம்' இருக்கிறது. இரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். இன்று அதை ஈழ அகதிகள் முகாம் என்றே பலரும் அறிவர். ஆனால் அது கட்டப்பட்டது வருகிறவர்களுக்காக அல்ல, போகிறவர்களுக்காக. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் செல்வோரைச் சில நாள் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்புவதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. பின்னர் அதே கொட்டகைகளில்தான் தாயகம் திரும்பியோர் வந்து தங்கினர். 1983க்குப் பின் அதே இடத்தில் அகதிகள் வந்து தங்கினர். கூலி, திரும்பியோர், அகதி. ஒரே வாசலில் மூன்று பெயர்ப்பலகைகள் மாறின. சில குடும்பங்களில் மூன்று பெயர்களையும் சுமந்த மூன்று தலைமுறைகள் உண்டு.

போன கதை பலரும் அறிந்ததுதான், விரைந்து சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கியது இந்தப் பெயர்ச்சி. அப்போது பருவத்துக்குப் போய்ப் பருவத்துக்குத் திரும்புவார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து செத்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகப் போய் லயங்களில் நிலைத்தார்கள். கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைத் தீர்த்தால்தான் தோட்டம் மாற முடியும் என்ற 'துண்டு' முறையும் அவர்களை அங்கேயே கட்டிப்போட்டன. 1921இல் துண்டு ஒழிந்தது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தோட்டங்களில் புதிய கூலிகள் வந்து குவியவில்லை. அங்கே வளர்ந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்கள்.

சுதந்திர இலங்கை தன் முதல் வேலைகளில் ஒன்றாக 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அச்சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்த மனிதனின் பிறப்பை எவர் பதிவு செய்து வைத்திருந்தார்கள்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. நேருவின் இந்தியா, இவர்கள் இலங்கையின் மக்கள் என்றது. இலங்கை, இவர்கள் இந்தியாவின் மக்கள் என்றது. நடுவில் தேயிலை மட்டும் தவறாமல் கொழுந்து விட்டது. சி. வி. வேலுப்பிள்ளை எழுதிய நூலொன்றின் பெயர் 'நாடற்றவர் கதை'. அந்தக் காலத்துக்கு வேறு தலைப்புத் தேவையில்லை.

நேரு மறைந்து ஐந்து மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒப்பந்தத்தின் கணக்கு இது: நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியா ஏற்பது 5,25,000. இலங்கை ஏற்பது 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். (1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அதை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள்.) ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கையில் குடியுரிமை என்பது விகிதம். மனிதர்களைப் பற்றிய ஓர் உடன்படிக்கையில் 7:4 என்ற விகிதம் இடம்பெற்றதைப் படிக்கும்போதெல்லாம், பாகப்பிரிவினையில் மாடுகன்றுகளை ஓட்டிக்கொண்டு போவது நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. யாருடைய பாகம் பிரிக்கப்பட்டதோ அவர்களை எவரும் கேட்கவில்லை.

பிறகு விண்ணப்பங்கள் கேட்கப்பட்டபோது அவர்கள் தம் விருப்பத்தைச் சொன்னார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டு எழுதியவர்கள், இலங்கை ஏற்பதாகச் சொன்ன மூன்று லட்சத்தைப் போல இருமடங்குக்கும் மேல். இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒப்பந்தத் தொகையை எட்டவே இல்லை. 'தாயகம்' எது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா? இருந்தும் வந்தார்கள். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி கொன்றது. 1977இல் கலவரம். அண்ணன் இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்று வீடுகள் பிளந்தன. மலையிலிருந்து தலைமன்னாருக்கு இறங்கிய இரயிலைப் பற்றி மாணவியின் பாட்டி சொன்னார்: "நாங்க அத அழுகைக் கோச்சின்னுதான் சொல்றது." ஏறுகிறவர்களும் அழுதார்களாம், நடைமேடையில் நின்றவர்களும் அழுதார்களாம். கோச்சி நகர்ந்த பிறகும் அட்டன் வரை பக்கவாட்டில் ஓடிவந்தவர்கள் உண்டென்று சொன்னார். அது நடக்கக்கூடியதல்ல என்று நமக்குத் தெரியும். அவர் நினைவில் அவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, வந்தவர்களை என்ன செய்தோம் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய அரசும் தமிழக அரசும் இவர்களைக் கைவிட்டுவிடவில்லை. வந்திறங்கியபோதே இவர்கள் இந்தியக் குடிமக்கள், வாக்குரிமை உண்டு. உலகில் இடம்பெயர்ந்தோர் பலருக்கு இரண்டு தலைமுறை காத்திருந்தும் கிட்டாத பேறு அது. கண்டியில் இந்தியத் தூதரகத்தின் அலுவலகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 'குடும்ப அட்டை' வழங்கியது. தலைவர் பெயர், உறுப்பினர் பெயர், வயது, இந்தியாவில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் எல்லாம் அதில் இருந்தன. காகிதத்தில் அது ஒரு நல்ல ஏற்பாடு. கப்பல் ஏறுமுன்பே இறங்கிய பின் என்ன தொழில் என்பது எழுதப்பட்டுவிடுகிறது.

எழுதப்பட்டது எது என்பதில்தான் சிக்கல். மிகப் பெரும்பாலோரின் அட்டையில் எழுதப்பட்டது 'வியாபாரக் கடன்'. முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவளுக்கும் கவ்வாத்து வெட்டியவனுக்கும், சமவெளியில் ஏதேனும் ஒரு மாவட்டத்தில் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துப் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்பது இதன் பொருள். ஏன் இப்படி என்று கேட்டால் விடை எளிது: அரசுக்கு இதுவே மலிவானது, விரைவானது. நிலம் தேட வேண்டாம், ஆலை கட்ட வேண்டாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கடனைக் கொடுத்துவிட்டால் ஒரு குடும்பம் 'மறுவாழ்வு பெற்றதாக'க் கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் கிராமத்தில் பெட்டிக்கடை என்பது பணத்தால் மட்டும் நடக்கும் தொழில் அல்ல. எவனுக்குக் கடன் கொடுக்கலாம், எவன் அறுப்பு முடிந்து தருவான், எவன் ஏமாற்றுவான், எந்தத் தெருக்காரர் எந்தக் கடையில் வாங்குவார், வாங்கமாட்டார் என்ற ஊரறிவு அதற்கு வேண்டும். தோட்டத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். லயத்திலும் சாதி இருந்தது. மேல்வீடு கீழ்வீடு இருந்தது. ஆனாலும் எல்லோரும் ஒரே பெரட்டுக் களத்தில் நின்று ஒரே துரையிடம் பேர் பதிந்தவர்கள். இங்கே ஊரும் சேரியுமாக இரண்டு கிடந்தன. கடை எங்கே வைப்பது என்பதையே சாதி தீர்மானித்தது. சொந்தம் தேடிப் போனவர்களை, பங்கு கேட்க வந்துவிட்டார்களோ என்று ஐயுற்ற உறவுகள் திண்ணையோடு அனுப்பின. கடன் வாங்கித் தரத் தரகர் முளைத்தார். அவருக்கு ஒரு பங்கு. மீதியைச் சில மாதங்கள் உண்டார்கள். பிறகு கடை இல்லை. கடன் இருந்தது.

இந்த இடத்தில் 'திரும்பியோர்' என்ற சொல் தன் வேலையைச் செய்தது என்பது நம் எண்ணம். அகதி என்று பெயரிட்டிருந்தால், இவன் புதியவன், இவ்வூரை அறியாதவன், இவ்வூராரும் இவனை அறியார், இருவரையும் பழக்கப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் எவருக்கேனும் எழுந்திருக்கும். திரும்பியவனுக்கு அது எதற்கு? அவன் பேசுவது தமிழ், கும்பிடுவது மாரியம்மன், உண்பது சோறு. சொந்த வீட்டுக்கு வந்தவனுக்கு வழிகாட்டி எதற்கு என்று அரசு நினைத்தது. இவர்கள் 'சீனி' என்றதற்கும் 'தேத்தண்ணி' என்றதற்கும் ஊர் சிரித்தது. விடிகாலையில் கோதுமை ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்ததை வேடிக்கை பார்த்தது. அங்கே 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் வசவு கேட்டவர்கள் இங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள்.

வியாபாரக் கடனுக்கு வெளியே வேறு திட்டங்களும் இருந்தன. நூற்பாலைகளில் வேலை கொடுத்தார்கள். கேரளத்தில் புனலூர்ப் பக்கமும், கருநாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். சிலரை நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலுக்கே கொண்டுபோய் இரப்பர் வைக்கச் செய்தார்கள். 2004 ஆழிப்பேரலை அத்தீவைத்தான் மிகக் கொடுமையாகத் தாக்கியது. 1969இல் சென்னையில் தாயகம் திரும்பியோருக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. ரெப்கோ வங்கி என்று இன்று விளம்பரங்களில் காண்கிறோமே, அதுதான். அங்கே நகைக்கடன் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அப்பெயரின் விரிவு தெரியும் என்பது வேறு கதை.

இவற்றிலெல்லாம் சிறந்த எண்ணம் நீலகிரியில் உருவானது. 1968இல் வனத்துறையின் கீழ் அரசே காடு திருத்தித் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. மக்கள் வழக்கில் 'டான்டீ'. சேரம்பாடி, நெல்லியாளம், பாண்டியாறு, கொளப்பள்ளி, பிறகு வால்பாறை என விரிந்தது. தேயிலை தெரிந்தவர்களுக்குத் தேயிலை வேலை. பேர் பதிவு, வைப்புநிதி, மருத்துவமனை, சங்கம் என அவர்கள் அறிந்த உலகம் அது. லயமும் கூடத்தான்! கொள்கை வகுப்போர் ஒருமுறையேனும் வருகிறவர்களின் கைகளைப் பார்த்துத் திட்டம் போட்டார்கள் என்று சொல்ல இது ஒன்றே உண்டு. ஆனால் டான்டீயில் இடம் கிடைத்தது சில ஆயிரம் குடும்பங்களுக்கு. வந்தவையோ லட்சம் குடும்பங்களுக்கு மேல்.

ஆகவே மற்றவர்கள் தாமே முடிவெடுத்தார்கள். அரசு அவர்களைத் திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் மதுரையிலும் இறக்கிவிட்டது. கடை மூடிய பிறகு அவர்கள் விசாரித்தது ஒன்றே ஒன்று: இங்கே மலை எங்கே இருக்கிறது? சமவெளி வெயிலைத் தாங்காமல் குழந்தைகளுக்கு மேலெல்லாம் கொப்புளம் போட்டது என்று பாட்டி சொன்னார். அவர் கணவர் ஒருநாள் காலையில் எழுந்து, "குளிர் இருக்கிற பக்கம் போவோம்" என்றாராம். இப்படித்தான் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கூடலூருக்கும் கூட்டங்கூட்டமாக ஏறி வந்தார்கள். எந்தக் கோப்பிலும் எழுதப்படாத இரண்டாவது இடப்பெயர்வு இது. இன்று நீலகிரியில் நாம் காணும் 'சிலோன் காலனி'களில் பல, அரசு குடியேற்றியவை அல்ல. அரசின் குடியேற்றத்திலிருந்து தப்பி வந்தவர்கள் தாமே போட்டுக்கொண்ட குடியிருப்புகள் அவை.

எல்லா மலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கொடைக்கானல் மலைகளுக்குச் சீகைமரப் பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் ஒப்பந்தக்காரர்களோடு போன குடும்பங்கள், முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகக் காட்டுக்குள் சிக்கின. 1980களில் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. கங்காணியின் துண்டு ஒழிந்து அறுபது ஆண்டுகள் கழித்து, தாயகத்தில்.

கோத்தகிரியில் படகர்களின் தேயிலைக்கும் காரட், முட்டைக்கோசுக்கும் ஆள் வேண்டியிருந்தது. கூலி குறைவு; ஆயினும் வேலை உண்டு. பாட்டி நாற்பது ஆண்டு அந்தக் காய்கறிக் காட்டில் குனிந்தவர். நிலமுடையவர்களுக்கும் இவர்களுக்குமான உறவு பகையும் அல்ல, நட்பும் அல்ல; ஒருவர் இன்றி ஒருவர் இல்லை என்ற நிலை. திருவிழாவுக்கு அழைப்பார்கள், பந்தியில் தள்ளி அமர்வார்கள். 1983க்குப் பிறகு சிலநாள் இரக்கம் கிடைத்தது. 1991க்குப் பிறகு அதுவும் போய்விட்டது. 'சிலோன்' என்ற சொல்லே காவல் நிலையத்தில் வேறு பொருள் தரத் தொடங்கியது. இருபது ஆண்டாக வாக்களித்து வந்தவர்கள் அட்டையை எடுத்துக் காட்டி, நாங்கள் அகதிகள் அல்லர், தாயகம் திரும்பியோர் என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல் அவர்களுக்கு உண்மையாகவே பயன்பட்ட காலம் அது ஒன்றுதான் போலும். அப்போது பள்ளியில் படித்த மாணவியின் தாய், தோழிகளிடம் தன் குடும்பம் திருச்சியிலிருந்து வந்தது என்றே சொல்லி வளர்ந்தாராம்.

கூடலூரின் கதை இன்னும் சிக்கலானது. இதைச் சொல்லும்போது நம் இரக்கத்தைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரசு காடு என்று சொல்லித் தேயிலை வைத்த இடங்களும், மலையேறி வந்தவர்கள் குடிசை போட்ட இடங்களும் ஆளற்ற வெளிகள் அல்ல. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தலைமுறைகளாக வாழ்ந்த, கிழங்கெடுத்த, தேனெடுத்த மண் அது. அவர்களையும் எவரும் கேட்கவில்லை. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களைப் பற்றி 1969இல் இயற்றப்பட்ட சட்டம் நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகள் நடந்தது. அந்நிலங்களில் ஒரு பகுதியில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. அதனால் மின் இணைப்பு இல்லாமல் வாழ்ந்த வீடுகள் ஏராளம். கேரளத்திலிருந்து ஏறிவந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், எப்போதும் அங்கேயே இருந்தவர்கள் என மூவரும் ஒரே மலையில் ஒருவரை ஒருவர் 'வந்தவர்' என்று சுட்டிக்கொண்டார்கள். நடுவே யானைக்கும் ஒரு வழக்கு உண்டு. அதற்கு அட்டை கொடுத்தவர் யாரும் இல்லை. ஒரு மக்களுக்குச் செய்த அநீதியை இன்னொரு மக்களின் நிலத்தைக் கொண்டு ஈடுசெய்ய முயன்றோம் என்பதே கூடலூரைப் பற்றிச் சொல்லத்தக்கது. குடியேற்றக் கொள்கை பற்றிப் பேசுகிறவர்கள் வருகிறவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஏற்கிறவர்களில் பேச வாயற்றவர்கள் எவர் என்பதை யாரும் கேட்பதில்லை. நாமும் இந்தக் கட்டுரைக்காகத் தேடத் தொடங்கிய பிறகே கேட்டோம்.

அந்த மலையின் கணக்கு 2022இல் இன்னொரு திருப்பம் கண்டது. நட்டத்தில் இயங்கிய டான்டீயின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென அரசு முடிவு செய்தது. இங்கும் 'திருப்பி' என்ற சொல் வந்துவிட்டதைக் கவனிக்கலாம். காட்டின் பக்கம் நின்று பார்த்தால் அம்முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பணி ஓய்வு பெற்றும் தோட்டத்து வீட்டிலேயே இருந்த முதியவர்கள், இனி எங்கே போவது என்று தெருவில் நின்று கேட்டார்கள். வீடு கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. அவர்களில் சிலர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அழுகைக் கோச்சியில் குழந்தைகளாக வந்தவர்கள்.

இன்னொரு படகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய தோட்டத் தமிழர்கள் பலர், 1983க்குப் பின் போர் துரத்த, கள்ளத்தோணி என்ற வசவை மெய்யாக்கி, படகேறி இராமேசுவரம் வந்தார்கள். அதே தோட்டங்கள், அதே பாட்டன்கள், அதே திருச்சிச் சீமை. ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. ஆனால் கப்பல் நின்றுபோயிருந்தது. கையில் குடும்ப அட்டை இல்லை. எனவே அவர்கள் அகதிகள். 1971இல் வந்த அக்காள் இந்தியக் குடிமகள். 1990இல் வந்த தங்கை முகாமில் பெயர்க் கணக்குக்கு நிற்பவள். தங்கையின் மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்று, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாதவன். இத்தகையோரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு நோக்க வேண்டும் என்ற கருத்தைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூனில் வெளியிட்டது. அவ்வாண்டு திசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைப் பற்றியே பேசியது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல உள்ளத்தோடு செய்யப்பட்ட மாற்றம்தான். பெயர் மாற்றுவதில் நாம் என்றுமே கைதேர்ந்தவர்கள்.

கடலுக்கு அப்பால் நடந்ததையும் ஒப்புநோக்கலாம். போகமாட்டோம் என்று அடம்பிடித்து மலையிலேயே இருந்துவிட்டவர்களுக்கு, 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் இலங்கையே குடியுரிமை அளித்தது. அவர்கள் வாழ்வு வளமானது என்று எவரும் சொல்லமாட்டார்கள். லயங்கள் இன்னும் இருக்கின்றன. ஆயினும் அவர்கள் தம்மைத் தாமே 'மலையகத் தமிழர்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 2023இல் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதில் ஒரு மலை இருக்கிறது. இங்கே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னமும் 'தாயகம் திரும்பியோர்' என்றே குறிக்கப்படுகிறார்கள். திரும்புதல் என்ற வினை மூன்று தலைமுறையாக முடிவுறாமல் இருக்கிறது.

நம் இலக்கியமும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தேயிலைக்குப் போன துயரத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். பாடத்தில் வைத்து நடத்துகிறோம். திரும்பி வந்ததாகச் சொல்லப்பட்டவர்களின் துயரத்துக்கு அந்த அளவில் நினைவில் நிற்கும் ஒரு படைப்பைக் கேட்டால், சிற்றிதழ் வாசகர்களாகிய நாமே சற்று யோசிக்கிறோம். அந்த மாணவி நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து 'துன்பக்கேணி'க்குக் குறிப்பெடுத்தாள். அவளிடம் ஒரு சொல் கேட்க அப்போது நமக்குத் தோன்றவில்லை.

படிவம் திரும்பி வந்த மாதத்தில் அவளோடு கோத்தகிரிக்குப் போயிருந்தோம். தகரப் பெட்டியிலிருந்து பாட்டி குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். மடிப்புகளில் கிழிந்து, பிசின் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அவர் தந்தையின் பெயர், தாயின் பெயர், ஆறு பிள்ளைகளின் பெயர், வயது. திட்டம் என்ற இடத்தில் வியாபாரக் கடன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். உங்கள் ஊர் எது என்று கேட்டோம். கொஞ்சமும் தயங்காமல் தோட்டத்தின் பெயரைச் சொன்னார், பிரிவின் பெயரைச் சொன்னார், பிறகு "ஏழாம் நம்பர் மலைக்குக் கீழ, ஆத்தோரமா மூணாவது லயம்" என்றார். பேத்தி அதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் புதிய படிவத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பாட்டி சொன்னதையே பூர்வீக ஊர் என்று எழுதிவிடலாமா ஐயா, மாவட்டம் என்ற இடத்தில் நுவரெலியா என்று போடலாமா என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தோம். மாவட்டத்தை எழுத இடம் விட்டிருக்கவில்லை. தமிழ்நாட்டு மாவட்டங்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஒன்றுக்கு நேரே குறியிட வேண்டும்.